இருநிலை எண் கூட்டல்: பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

காரைக்குடியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கும் பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் மாலை நேரத்தில் கணினி அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். எண் முறைகள் பாடம் தொடங்கினால் போதும், ஒவ்வொரு ஆண்டும் அதே சந்தேகங்கள் வந்து நிற்கும். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். வரிசையாகப் படியுங்கள், பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் சொன்னது தேவைப்படும்.

மிஸ், 1+1=10னு போட்டிருக்கு. இது பத்தா, ரெண்டா?

இரண்டுதான். 0, 1 என்ற இரண்டே இலக்கங்களை வைத்து எண்களை எழுதுவது இருநிலை முறை. அந்த முறையில் எழுதிய 10 என்பதைப் "பத்து" என்று படிக்காதீர்கள். "ஒன்று, பூஜ்ஜியம்" என்று இலக்கம் இலக்கமாகப் படியுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

நாம் வழக்கமாக எழுதும் எண்ணில் வலமிருந்து இடமாக 1, 10, 100, 1000 என்று இடமதிப்பு பத்துப் பத்து மடங்காக ஏறும். இருநிலை எண்ணில் 1, 2, 4, 8, 16 என்று இரண்டிரண்டு மடங்காக ஏறும். அதனால் 10 என்றால் ஒரு 2, பூஜ்ஜியம் 1. மொத்தம் 2. இதேபோல 1011 என்றால் 8+0+2+1, அதாவது 11.

கூட்டலுக்கு மொத்தம் எத்தனை விதி மனப்பாடம் பண்ணணும்?

நான்கு விதி சொல்வார்கள்: 0+0=0, 0+1=1, 1+0=1, 1+1 என்றால் 0 எழுதி மிகுதி 1. என்னைக் கேட்டால் ஐந்தாவதையும் சேர்த்தே படிக்கச் சொல்வேன்: 1+1+1 என்றால் 1 எழுதி மிகுதி 1. இரண்டு எண்களிலும் 1 இருந்து, வலப்பக்கத்திலிருந்து மிகுதியும் வந்தால் இந்த ஐந்தாவது இல்லாமல் நகர முடியாது. நான்கை மட்டும் படித்த பிள்ளைகள் அந்த இடத்தில்தான் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

மிகுதி என்பது புதிய சரக்கு இல்லை. மூன்றாம் வகுப்பில் 27+15 போடும்போது "பன்னிரண்டு, 2 போட்டு மனசுல 1" என்று சொன்னீர்களே, அதேதான். அங்கே பத்து சேர்ந்ததும் அடுத்த இடத்துக்குப் போனது. இங்கே இரண்டு சேர்ந்ததுமே போய்விடுகிறது.

விதி தெரியுது மிஸ், ஆனா ஏன் அப்படின்னு மனசுல நிக்கல. வேற மாதிரி சொல்லுங்களேன்.

சரி, பழைய காசை வைத்துச் சொல்கிறேன். 1957 ஏப்ரல் 1-ல் ரூபாய்க்கு 100 பைசா என்று மாறும் வரை நம் நாட்டில் ரூபாய்க்கு 16 அணா. ஓரணா, இரண்டணா, நாலணா, எட்டணா என்று காசுகள் இருந்தன. அவற்றின் மதிப்பைப் பாருங்கள்: 1, 2, 4, 8. அடுத்தது ரூபாய், 16. இருநிலை எண்ணின் இடமதிப்புகள் அப்படியே வரிசையாக நிற்கின்றன. அந்தக் காசைக் கண்ணால் பார்க்காதவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். சாமி அறையிலோ பெட்டகத்திலோ ஒன்றிரண்டு கிடக்கும்.

இப்போது ஒரு நிபந்தனை: எந்தக் காசும் கையில் ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரே காசு இரண்டு சேர்ந்தால் உடனே அடுத்த பெரிய காசாக மாற்றிவிட வேண்டும். 11 அணா என்றால் எட்டணா ஒன்று, இரண்டணா ஒன்று, ஓரணா ஒன்று: 1011. 6 அணா என்றால் நாலணா ஒன்று, இரண்டணா ஒன்று: 0110. இரண்டையும் கூட்டுவோம். ஓரணா ஒன்றுதான் இருக்கிறது, அப்படியே வைக்கிறோம். இரண்டணா இரண்டு சேர்கிறது. கொடுத்துவிட்டு ஒரு நாலணா வாங்குகிறோம். ஏற்கெனவே ஒரு நாலணா இருப்பதால் இப்போது அது இரண்டு, மாற்றினால் எட்டணா. எட்டணாவும் இரண்டாகிறது, மாற்றினால் ஒரு ரூபாய். கடைசியில் கையில் இருப்பது ஒரு ரூபாயும் ஓரணாவும்.

```
மிகுதி :  1 1 1 0 0
11    :  0 1 0 1 1
6     :  0 0 1 1 0
------------------
17    :  1 0 0 0 1
```

காசை மாற்றிய ஒவ்வொரு இடத்திலும் மேல் வரியில் ஒரு 1 விழுந்திருப்பதைக் கவனியுங்கள். மிகுதி என்று சொல்வது இந்த மாற்றத்தைத்தான். இந்தக் கணக்கை இனிப் பல இடங்களில் தொடுவேன், அதனால் ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

1+1+1 வர்ற கணக்கு ஒண்ணு முழுசாப் போட்டுக் காட்டுங்க.

1101 + 0111 எடுத்துக்கொள்வோம், அதாவது 13+7. வலக்கோடியில் 1+1: 0, மிகுதி 1. அடுத்து 0+1, கூட மிகுதி 1: 0, மிகுதி 1. அடுத்து 1+1, மிகுதி 1: இங்கேதான் மூன்று ஒன்றுகள், 1 எழுதி மிகுதி 1. அடுத்து 1+0, மிகுதி 1: 0, மிகுதி 1. அந்தக் கடைசி மிகுதியை இடப்பக்கம் எழுதினால் 10100. அதாவது 16+4, 20. சரியாக இருக்கிறது.

பிள்ளைகள் அதிகம் தவறவிடுவது இரண்டு இடம். கடைசி மிகுதியை எழுதாமல் விட்டுவிடுவது ஒன்று. இரண்டு எண்ணிலும் 0 இருக்கும் இடத்தில் மிகுதி வந்து நிற்பதை மறந்துவிட்டு 0 எழுதுவது இன்னொன்று. மிகுதியை மனதில் வைக்காமல் மேலே எழுதினால் இரண்டும் நடக்காது. தேர்வுத் தாளிலும் மேலே எழுதுங்கள். திருத்துபவருக்கும் நீங்கள் வந்த வழி தெரியும்.

ஒரு நம்பர் நீளம், இன்னொண்ணு குட்டை. எந்தப் பக்கம் நேராக்கணும்?

வலப்பக்கம். ஓரணாவுக்குக் கீழே ஓரணாதான் வர வேண்டும். குட்டையான எண்ணுக்கு இடப்பக்கம் பூஜ்ஜியம் சேர்த்து நீளத்தைச் சமமாக்குங்கள். 11011 + 101 என்றால் 101-ஐ 00101 என்று எழுதிக்கொண்டு கூட்டுங்கள். விடை 100000 வரும், 27+5=32. எல்லா இடத்திலும் மிகுதி ஓடும் கணக்கு இது, நல்ல பயிற்சி.

கால்குலேட்டர் இருக்கு, போனே எல்லாம் பண்ணுது. எதுக்கு என் பொண்ணு கையால போட்டுக்கிட்டு இருக்கா?

ஒரு மாணவியின் அம்மா கேட்டது. நியாயமான கேள்வி. விடை மட்டும் வேண்டுமென்றால் கையால் போடத் தேவையே இல்லை. ஆனால் அவள் படிப்பது விடையை அல்ல, கருவி உள்ளே என்ன செய்கிறது என்பதை. நிரலில் 200-உடன் 100-ஐக் கூட்டினால் 44 என்று வரும் ஒரு நாள் அவளுக்கு வரத்தான் போகிறது. ஏன் என்று கீழே சொல்லியிருக்கிறேன். கையால் கூட்டிப் பழகியவளுக்கு அந்தக் காரணம் உடனே பிடிபடும். பழகாதவள் நிரலை வரி வரியாகத் தேடிக்கொண்டிருப்பாள்.

விடை சரியான்னு சீக்கிரமாப் பார்க்க வழி உண்டா?

பதின்ம எண்ணாக மாற்றிச் சரிபார்ப்பதுதான் முழுமையான வழி. அதற்கு நேரமில்லை என்றால் வலக்கோடி இலக்கத்தையாவது பாருங்கள். அது 1 என்றால் ஒற்றைப்படை, 0 என்றால் இரட்டைப்படை. ஒற்றையும் ஒற்றையும் சேர்ந்து ஒற்றை வந்திருந்தால் கணக்கு நிச்சயம் தப்பு. இது தப்பைக் காட்டிக்கொடுக்கும். சரி என்று உறுதி தராது.

மூணு நம்பரை ஒரே நேரத்துல கூட்டலாமா?

கூட்டலாம், ஆனால் ஒரு பொறி உண்டு. 11+11+11 போட்டுப் பாருங்கள். வலக்கோடியில் மூன்று ஒன்றுகள்: 1, மிகுதி 1. அடுத்த இடத்தில் மூன்று ஒன்றுகளும் மிகுதியும் சேர்ந்து நான்கு. நான்கு என்பது 100. அப்படியானால் இங்கே 0 எழுதி, பக்கத்து இடத்துக்கு 0, அதற்கும் அடுத்த இடத்துக்கு 1 போக வேண்டும். விடை 1001, அதாவது 9. மிகுதி ஓர் இடத்தைத் தாண்டிக் குதிப்பதால் பலர் 4-ன் இடத்தில் 1 போட்டுவிடுவார்கள். முதல் இரண்டைக் கூட்டி, வந்த விடையோடு மூன்றாவதைக் கூட்டுவது பாதுகாப்பு.

கம்ப்யூட்டருக்கு மூளை இல்லையே மிஸ், அது எப்படிக் கூட்டுது?

இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 1+1-ன் விடையில் இரண்டு பகுதி உண்டு: கீழே எழுதும் இலக்கம், மேலே போகும் மிகுதி. ஓர் இருநிலை இலக்கத்தைப் பிட் என்பார்கள். உள்ளே வரும் இரண்டு பிட்டில் ஏதாவது ஒன்று மட்டும் 1 ஆக இருந்தால்தான் கீழே 1 எழுதுவோம். இது எக்ஸ்ஆர் கேட் என்ற சின்ன மின்சுற்று செய்யும் வேலை. இரண்டுமே 1 ஆக இருந்தால்தான் மிகுதி வரும். இது ஆண்ட் கேட் செய்யும் வேலை. இரண்டு கேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அரைக் கூட்டி. ஏன் "அரை"? வலப்பக்கத்திலிருந்து வரும் மிகுதியை வாங்கிக்கொள்ள அதற்கு வழி இல்லை, அதாவது நம் ஐந்தாவது விதி அதற்குத் தெரியாது. இரண்டு அரைக் கூட்டிகளையும் ஓர் ஆர் கேட்டையும் இணைத்தால் அந்த விதியும் தெரிந்த முழுக் கூட்டி கிடைக்கும். எட்டு முழுக் கூட்டிகளைச் சங்கிலியாகக் கோத்தால் எட்டு பிட் எண்களைக் கூட்டலாம்.

சுவிட்சுகளால் தர்க்கத்தையும் கணக்கையும் செய்துகாட்டலாம் என்பதை 1937-ல் கிளாட் ஷானன் என்ற மாணவர் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தன் முதுநிலைப் பட்டத்துக்கான ஆய்வேட்டில் எழுதிக் காட்டினார். அதே ஆண்டு ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் என்பவர் தன் வீட்டுச் சமையலறை மேஜையில் ரிலே எனும் மின்சார சுவிட்ச், பேட்டரி, டார்ச் பல்பு ஆகியவற்றை வைத்து ஒரு கூட்டும் கருவியைச் செய்தார். சமையலறையில் பிறந்ததால் அதற்கு மாடல் கே என்று பெயர் வந்தது. உங்களாலும் செய்ய முடியும். மின்னணுப் பொருள் விற்கும் கடையில் கேட் சிப் வாங்கி, பிரெட்போர்டு எனும் துளைப் பலகையில் இரண்டு எல்இடி வைத்து ஓர் அரைக் கூட்டியைச் செய்து பாருங்கள். மிகுதி எல்இடி எரியும் அந்த நிமிடம் பாடம் புரியும்.

சங்கிலியில் ஒரு சிக்கல் உண்டு. மேலே 27+5 கணக்கில் மிகுதி கடைசி வரை ஓடியது அல்லவா? கருவிக்குள்ளும் ஒவ்வொரு கூட்டியும் தன் வலப்பக்கத்து மிகுதி வரும் வரை காத்திருக்க வேண்டும். 64 பிட் என்றால் காத்திருப்பு நீளம். அதனால் இன்றைய செயலிகளில் மிகுதி எங்கெங்கே வரும் என்பதை முன்கூட்டியே கணக்கிடும் தனிச் சுற்று வைக்கிறார்கள்.

எட்டு பிட்தான் இடம் இருக்கு, விடை ஒன்பது பிட் வருது. என்ன ஆகும்?

ஒன்பதாவது பிட் போயே போய்விடும். 200 என்பது 11001000, 100 என்பது 01100100. கூட்டினால் 1 00101100, அதாவது 300. எட்டு பிட்டில் முன்னால் இருக்கும் 1-க்கு இடமில்லை. மிஞ்சுவது 00101100, அதாவது 44. சி பிளஸ் பிளஸ்ஸில் அன்சைன்ட் கேர் எனும், குறியில்லாத எட்டு பிட் மாறியில் இந்தக் கூட்டலின் விடையைச் சேமித்துப் பாருங்கள், 44-தான் இருக்கும். பெரும்பாலும் பிழைச் செய்தி எதுவும் வராது. அதுதான் ஆபத்து.

உலகமே கவனித்துக்கொண்டிருக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பல கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் கடந்த வினாடிகளாக எண்ணுகின்றன. பழைய அமைப்புகளில் அதற்கு ஒதுக்கிய இடம் குறியுடன் சேர்த்து 32 பிட். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,147,483,647. இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு அந்த எண்ணை எட்டிவிடும். அடுத்த வினாடிக்காக 1-ஐக் கூட்டினால் மிகுதி ஓடிப்போய் இடக்கோடியில் இருக்கும் குறி பிட்டில் உட்கார்ந்துவிடும். அங்கே 1 வந்தால் அது குறை எண். திருத்தப்படாத அமைப்பு 1901 டிசம்பருக்குப் போய்விடும். 64 பிட்டுக்கு மாறிய அமைப்புகளுக்கு இந்தக் கவலை இல்லை.

கழித்தலையும் கூட்டலாலேயே போடலாம்னு சொல்றாங்களே, அது எப்படி?

மேலே தொலைந்துபோன ஒன்பதாவது பிட்டை வைத்துத்தான். எட்டு பிட்டில் 256 தானாகக் கழிந்துவிடுகிறது. அப்படியானால் 5-ஐக் கழிப்பதும், 251-ஐக் கூட்டி 256-ஐத் தொலைப்பதும் ஒன்றுதானே? அந்த 251-ஐக் கண்டுபிடிக்கும் சுருக்கு வழிதான் 2-ன் நிரப்பி: எல்லா பிட்டையும் திருப்பிப் போட்டு 1 கூட்டு. 5 என்பது 00000101. திருப்பினால் 11111010. 1 கூட்டினால் 11111011.

இப்போது 12-லிருந்து 5-ஐக் கழிப்போம். 00001100 + 11111011 = 1 00000111. முன்னால் இருக்கும் 1-ஐ விட்டுவிடுங்கள். விடை 00000111, அதாவது 7. கழிப்பதற்கென்று தனிச் சுற்று வேண்டாம், கூட்டியே போதும்.

1-ன் நிரப்பியில மிகுதியக் கூட்டச் சொல்றாங்க, 2-ன் நிரப்பியில விடச் சொல்றாங்க. ஏன் இப்படி?

1-ன் நிரப்பியில் பிட்டுகளைத் திருப்புவதோடு நிறுத்திக்கொள்கிறோம். 5-க்கு வருவது 11111010, அதாவது 250. வேண்டிய 251-க்கு ஒன்று குறைவு. 12-உடன் கூட்டினால் 1 00000110, எட்டு பிட்டில் 6. அந்தக் குறைந்த ஒன்றை, வெளியே வந்த மிகுதியை வலக்கோடியில் கூட்டி ஈடுகட்டுகிறோம்: 7. 2-ன் நிரப்பியில் அந்த ஒன்றை முன்னாலேயே கூட்டிவிட்டோம், அதனால் மிகுதியை விடலாம். இரண்டு முறைகளும் ஒரே ஒன்றை வெவ்வேறு நேரத்தில் கூட்டுகின்றன, அவ்வளவுதான்.

ஒரு தடவை மிகுதி போனா தப்புங்கிறீங்க, ஒரு தடவை விட்டுடுங்கிறீங்க. எப்பத்தான் தப்பு?

நல்ல மாணவர்கள்கூடத் தடுமாறும் இடம் இது, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். குறியில்லாத எண்களில் மிகுதி வெளியே போனால் விடை தப்பு, 200+100 அப்படித்தான். குறியுள்ள எண்களில், அதாவது 2-ன் நிரப்பியில், மிகுதி வெளியே போனதா இல்லையா என்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. எட்டு பிட்டில் -128 முதல் 127 வரைதான் இடம். 100+50 போடுங்கள்: 01100100 + 00110010 = 10010110. மிகுதி எதுவும் வெளியே போகவில்லை, ஆனால் இடக்கோடி பிட் 1 ஆகிவிட்டதால் விடை -106 என்று படிக்கப்படும். இதுதான் ஓவர்ஃப்ளோ.

கண்டுபிடிக்கும் வழி எளிது. ஒரே குறியுள்ள இரண்டு எண்களைக் கூட்டும்போது விடையின் குறி மாறிவிட்டால் ஓவர்ஃப்ளோ. மிகையும் குறையும் கலந்து கூட்டினால் ஓவர்ஃப்ளோ வரவே வராது. -100-உடன் -50-ஐக் கூட்டிப் பாருங்கள்: 10011100 + 11001110 = 1 01101010. மிகுதியை விட்டால் 106. இரண்டு குறை எண்கள் சேர்ந்து மிகை எண், ஆகவே தப்பு. கருவி இதையே வேறு விதமாகப் பார்க்கும்: இடக்கோடி பிட்டுக்குள் நுழைந்த மிகுதியும் அதிலிருந்து வெளியேறிய மிகுதியும் வேறுபட்டால் ஓவர்ஃப்ளோ. மேலே உள்ள இரண்டு கணக்கிலும் 12-லிருந்து 5-ஐக் கழித்த கணக்கிலும் இதைச் சோதித்துப் பாருங்கள்.

புள்ளிக்குப் பின்னாடி இருக்கிற பிட்டை எப்படிக் கூட்டுறது?

அதே விதிகள்தான். புள்ளிக்குக் கீழே புள்ளி வரும்படி எழுதினால் போதும். புள்ளிக்கு வலப்பக்கம் இடமதிப்பு பாதி பாதியாகக் குறையும்: 1/2, 1/4, 1/8, 1/16. நம் வழக்கில் இவை அரை, கால், அரைக்கால், வீசம். முக்கால் என்றால் அரையும் காலும்: 0.11. மூன்று வீசம் என்றால் 0.0011. "முக்காலே மூணு வீசம்" என்று ஊரில் எல்லோரும் சொல்கிறோமே, அதைக் கூட்டினால் 0.1100 + 0.0011 = 0.1111. இன்னும் ஒரு வீசம் சேர்த்தால் மிகுதி ஓடி ஓடி 1.0000, முழுதாக ஒன்று.

பைத்தான்ல 0.1+0.2 போட்டா 0.30000000000000004 வருது. கம்ப்யூட்டர் தப்பாக் கூட்டுதா?

கூட்டல் கிட்டத்தட்ட ஒழுங்காகவே நடக்கிறது, அதற்குக் கொடுத்த எண்ணிலேயே குறை இருக்கிறது. மேலே சொன்ன அரை, கால், அரைக்கால், வீசம் ஆகியவற்றை எத்தனை சேர்த்தாலும் பத்தில் ஒன்று சரியாக வராது. 0.000110011001100... என்று முடியாமல் போகும். இடம் குறைவு என்பதால் கணினி ஓர் இடத்தில் வெட்டி, அருகிலுள்ள எண்ணை வைத்துக்கொள்கிறது. அந்தச் சின்ன வித்தியாசம்தான் கடைசியில் தலைகாட்டுகிறது. 0.5+0.25 போட்டுப் பாருங்கள், 0.75 துல்லியமாக வரும்.

பின்னத்தின் பகுதியில், அதாவது கீழ் எண்ணில், 5 காரணியாக இருந்தால் இந்தத் தொல்லை வரும். பழைய அளவுகளில் மா என்பது 1/20, காணி 1/80, முந்திரி 1/320. இவை மூன்றிலும் 5 ஒளிந்திருக்கிறது, அதனால் இவையும் இருநிலையில் முடியாது. ஆகவே நிரலில் பணத்தைப் புள்ளி வைத்துச் சேமிக்காதீர்கள். எல்லாவற்றையும் பைசாவாக்கி முழு எண்ணாகக் கூட்டுங்கள். காட்டும்போது மட்டும் ரூபாயாக மாற்றிக்கொள்ளுங்கள்.

எங்க ஐயா பர்மாவுலேர்ந்து கொண்டாந்த பேரேடு வீட்டுல இருக்கு. ரூபா, அணான்னு கூட்டியிருக்காங்க. அதுக்கும் ஹெக்ஸ் கூட்டலுக்கும் சம்பந்தம் உண்டா மிஸ்?

உண்டு, நன்றாகப் பிடித்தாய் தம்பி. ஹெக்ஸ் எனும் பதினாறு நிலை எண்ணில் ஓர் இலக்கம் என்பது நான்கு பிட், 0 முதல் 15 வரை. 10 முதல் 15 வரை உள்ளவற்றுக்கு ஏ, பி, சி, டி, இ, எஃப். பதினாறு சேர்ந்தால் மிகுதி 1. அணாப் பத்தியும் அதே 16-ல்தான் மாறுகிறது. 1 ரூபாய் 11 அணாவும் 2 ரூபாய் 6 அணாவும் சேர்ந்தால் 4 ரூபாய் 1 அணா. ஹெக்ஸில் 1பி + 26 = 41. பி-யும் 6-ம் சேர்ந்து 17, அதில் 1 எழுதி மிகுதி 1; 1+2+1=4. முதலில் போட்ட 11 அணா, 6 அணா கணக்குதான் இங்கே நான்கு பிட்டாகச் சுருங்கி நிற்கிறது.

ரூபாய்ப் பத்தி 16 ரூபாய்க்குள் இருக்கும் வரைதான் இப்படி நேராகப் பொருந்தும். அதற்கு மேல் ரூபாயைப் பத்துப் பத்தாகத்தான் எழுதியிருப்பார்கள். பேரேட்டில் மூன்றாவது பத்தி இருந்தால் அது பை. அணாவுக்கு 12 பை என்பதால் அங்கே இருநிலை எண் உதவாது. 9 பையும் 7 பையும் சேர்ந்தால் 16; அதில் 12-ஐ எடுத்து ஓரணாவாக்கி இடப்பக்கம் அனுப்பிவிட்டு, 4 என்று எழுது.